தொட்டுப் பார்க்க ஒரு சாரல்

ஜூன் 1

வீட்டுக்காரி உலகம்மாளைத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் விட்டுவிட்டு மத்தியானம் இரண்டரைக்குத் தென்காசி வந்து சேர்ந்தேன். மஸ்கட்டில் மகள் சுபாவுக்கு இந்த மாதம் நடுவில் பிரசவம். உலகு மூன்று மாதம் கூட இருந்து பார்த்துவிட்டு ஆகஸ்ட் கடைசியில் வருவாள்.

வாடகைக் காரை ஓட்டியவன் புளியரை இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினான். இருபத்தொன்பது வருஷம் அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன ஒருவன் பின்சீட்டில் இருப்பது அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

சமையலறைச் சுவரில் நாலு தாள் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். சாம்பாருக்கு எவ்வளவு புளி, பால்காரர் நம்பர், மோட்டார் எத்தனை நிமிஷம் ஓடவேண்டும் என்று மூன்று தாள். நாலாவதில் ஒரே வரி: மஞ்சப்பையை ஞாயித்துக்கிழமை ரெஜினா டீச்சர் வீட்ல குடுத்துருங்க.

ஜூன் 2, ஞாயிறு

பையைக் கொடுக்கப் போனேன். கொடுத்துவிட்டு உடனே திரும்புவதாகத்தான் எண்ணம்.

டீச்சர் வீட்டுக் கூடத்தில் நீளமான மேஜை. அதைச் சுற்றி மூன்று பெண்கள். ரெஜினா டீச்சர் டிராயிங் டீச்சர். கற்பகம் ஆஸ்பத்திரி நர்ஸ். மூன்றாவது, மேலவாசலில் தையல்கடை வைத்திருக்கும் மைதீன்பாத்து. நாலாவது ஆள் என் வீட்டுக்காரி. ரெண்டு வருஷமாக ஞாயிறு மத்தியானம் அவள் கிளம்பும்போதெல்லாம் "கந்தல் தைக்கதுக்கு ஒரு சங்கமாட்டி?" என்று கேட்டிருக்கிறேன். தமாஷுக்குத்தான்.

"கந்தல் சங்கத்துக்கு வாங்க அண்ணாச்சி" என்றாள் மைதீன்பாத்து. சிரிக்காமல் சொன்னாள்.

டீச்சர் மோர் கொடுத்து விவரம் சொன்னார். ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைக்கிறார்கள். போர்த்திக்கொள்ள அல்ல, சுவரில் மாட்ட. பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு. அக்டோபர் 15 வெள்ளைப் பிரம்பு தினத்தன்று மாட்ட வேண்டும். நம் ஊரின் ஒரு வருஷத்தை நாலு துண்டாகப் பிரித்திருக்கிறார்கள். வெயில் டீச்சருக்கு, சாரல் உலகுக்கு, ஐப்பசி அடைமழை மைதீன்பாத்துக்கு, மார்கழிப் பனி கற்பகத்துக்கு. ஆளுக்கு நாலடிக்கு நாலடி. பிள்ளைகள் கையால் தொட்டே எந்தக் காலம் என்று சொல்லிவிட வேண்டும்.

மஞ்சள் பையைத் திறந்தார்கள். சாம்பல் நிறத் துணியில் மலை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தது. முகடு முகடாக, உள்ளே பஞ்சு அடைத்து, பச்சைக்குள் பச்சையாக நல்ல வேலை. மழை எதுவும் இல்லை.

"மலையோட நின்னுபோச்சே" என்றார் டீச்சர். "மீதியை யார் செய்யது?"

"வேற யாருக்காவது குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த மலை ஐந்தருவிப் பக்கம் தெரிகிற மலை. பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும். இதை எப்போது பார்த்துவைத்தாள் என்று தெரியவில்லை.

ஜூன் 5

சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. தயிர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

பையை மறந்துவைத்துவிட்டு வந்திருந்தேன். அதை எடுக்கப் போனேன். பை காலியாகத்தான் இருந்தது, இருந்தாலும் நம்முடைய பை.

மைதீன்பாத்து ஊசியில் நூல் கோக்க முடியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். வாங்கிக் கோத்துக் கொடுத்தேன். பிறகு கற்பகத்துக்கு. பிறகு டீச்சருக்கு. நிற்கிற ஆளை உட்காரச் சொன்னார்கள். ஒரு ஓரத் துணியைக் கையில் கொடுத்து, "சும்மா இருக்கதுக்கு நேரா ஒரு ஓட்டுத்தையல் போடுங்க" என்றாள் மைதீன்பாத்து. போட்டேன். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"லைன் மாறாம ஓட்டியிருக்கீயளே அண்ணாச்சி."

இதில் என்ன இருக்கிறது. ஆலங்குளத்திலிருந்து பாவூர்சத்திரம் வரை நேர்ரோடுதான்.

வரும்போது உலகின் துண்டு மஞ்சள் பையில் இருந்தது. யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஜூன் 15

பெண் குழந்தை. காலை பத்தேகாலுக்கு. மூன்று கிலோ நூறு கிராம். தாயும் பிள்ளையும் நலம். உலகு போனில் அழுதுகொண்டே சொன்னாள், நான் அல்வா வாங்கித் தெரு முழுவதும் கொடுத்தேன். மைதீன்பாத்து கடைக்கும் போய்க் கொடுத்தேன். அங்கிருந்து சாரல் துண்டுக்கு அரை மீட்டர் வலைத்துணியும் கண்ணாடி மணிப் பாக்கெட்டும் வாங்கிவந்தேன்.

போனில் துணி விஷயம் எதுவும் சொல்லவில்லை. பிரசவ நேரத்தில் அதெல்லாம் எதற்கு.

ஜூன் 21

கதவைச் சாத்தித் தைத்துக்கொண்டிருந்தேன். திரவியம் வந்துவிட்டான். என்னோடு பதினாலு வருஷம் கண்டக்டராக இருந்தவன், தட்டிவிட்டு நிற்கிற பழக்கம் கிடையாது. துணியை நாற்காலியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன்.

"என்ன அண்ணாச்சி, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. வாய்வு."

அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தான். அத்தனை நேரமும் ஊசி இருந்த இடம் எனக்குத் தெரியும்.

ஜூலை 7, ஞாயிறு

மூன்று வாரமாக மணி மணியாகக் கோத்துத் தைத்துத் துண்டு முழுக்க மழை கொட்டவைத்திருந்தேன். வெளிச்சத்தில் பிடித்தால் பளபளவென்று கண்ணைப் பறிக்கும். கற்பகம் கைதட்டினாள்.

இன்று சோதித்துப் பார்க்க அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து பொன்னுத்தாய் டீச்சர் வந்திருந்தார். பாட்டு டீச்சர். முப்பது வயதிருக்கும், பிறவியிலேயே பார்வை இல்லை. கைகழுவித் துடைத்துவிட்டு மேஜை முன் உட்கார்ந்தார்.

ரெஜினா டீச்சரின் வெயிலில் கை வைத்தார். சணல் சாக்கும், வெடித்த இலவங்காயும். "பங்குனி. நாக்கு வறளுது" என்றார். மைதீன்பாத்து கயிறு கயிறாகத் தொங்கவிட்ட அடைமழையைத் தொட்டதும் சிரித்துவிட்டார். "ஐப்பசி. ஸ்கூல் லீவு." பனிக்கு வெல்வெட்டும் பூசணிப்பூவும். அதையும் உடனே சொல்லிவிட்டார்.

என் துண்டுக்கு வந்தார். மலையைத் தடவி, "மலை அழகா இருக்கு" என்றார். பிறகு மணிகளின் மேல் கை போனது. நெடுநேரம் தடவினார்.

"இது என்ன டீச்சர், பாசிமணிக் கடையா?"

"சாரல்" என்றேன்.

"யார் செஞ்சது?"

"நான்தான்மா. கோமதிநாயகம். பஸ் டிரைவரா இருந்தேன்."

"கண்ணால பாத்துச் செஞ்சிருக்கீங்க சார். நீங்க சாரலைத் தொட்டிருக்கீங்களா?"

மரியாதையாகத்தான் கேட்டார். வீட்டுக்கு வந்து மத்தியானச் சோற்றை அப்படியே மூடிவைத்துவிட்டேன்.

ஜூலை 9

ஒன்றும் செய்யவில்லை.

ஜூலை 11

குற்றாலம் பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மேலகரம் தாண்டியதும் மலைப்பக்கமிருந்து மேகாற்று சாரலோடு அடிக்க ஆரம்பித்தது. கையை முழங்கை வரை வெளியே நீட்டினேன்.

"பெரியவரே, கைய உள்ள எடுங்க" என்றார் கண்டக்டர். இதையே நான் எத்தனை பேருக்குச் சத்தம் போட்டிருப்பேன். எடுக்கவில்லை. முறைத்துவிட்டுப் போனார்.

எழுதிவைக்கிறேன், மறந்துவிடக் கூடாது. சாரலில் துளி கிடையாது. முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒன்றிரண்டு. பிறகு மாவு சலிக்கும்போது கையில் படிகிற மாதிரி. ஒரே அளவாகவும் விழுவதில்லை, காற்று திரும்பினால் ஒரு வீச்சு அதிகம். கை மயிர் நிமிர்ந்துகொள்கிறது. அதற்குள் வெயில் வந்துவிடுகிறது. வெயில் பட்ட இடத்தில் இளஞ்சூடு, பக்கத்திலேயே குளிர். ரெண்டும் ஒரே கையில்.

இருபத்தொன்பது வருஷமும் சாரல் எனக்குக் கண்ணாடியில் விழுகிற தண்ணீர். வைப்பரைப் போடு, வேகத்தைக் குறை, அவ்வளவுதான்.

ஒரு ஆடி மாதம் உலகு என் பஸ்ஸிலேயே குற்றாலம் வந்தாள். சுபா மூன்று வயதுக் குழந்தை, மடியில் இருந்தாள். "அஞ்சு நிமிஷம் இறங்கி எங்ககூட நில்லுங்களேன்" என்றாள். டைம் ஆகிவிட்டது என்று ஹார்ன் அடித்தேன். அன்றைக்கு உண்மையிலேயே டைம் ஆகிவிட்டிருந்தது.

இன்று அருவிக்கரையில் ஒரு மணி நேரம் நின்றேன். சட்டை நனைந்து சளி பிடித்திருக்கிறது. மிளகுரசம் வைத்தேன், நன்றாக வந்தது.

ஜூலை 14, ஞாயிறு

மணிகளைப் பிரித்தேன். மூன்று வார வேலை மூன்று நாளில் போய்விட்டது. டப்பாவில் போட்டு மைதீன்பாத்துவிடம் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "முடிச்சுத் தையல் சொல்லித் தாரேன், உக்காருங்க" என்றாள். நூலை ஊசியில் இரண்டு சுற்றுச் சுற்றி, குத்திய இடத்துக்குப் பக்கத்திலேயே இறக்கி இழுக்க வேண்டும். துணி மேல் கசகசா மாதிரி ஒரு முடிச்சு நிற்கும். என்னுடையது முதலில் மிளகு அளவுக்கு வந்தது, பிறகு கடுகு.

ஜூலை 21, ஞாயிறு

உலகு போன் செய்தாள். சுபாவுக்கு லீவு முடிகிறது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, மார்ச் வரை இருந்துவிட்டுப் போகச் சொல்கிறார்களாம். "நீங்க என்ன சொல்லுதீய?" என்றாள்.

"இருந்துட்டு வா. இங்க ஒரு குறையும் இல்ல. ரசமெல்லாம் நல்லா வைக்கேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சிக்னல் சரியில்லை போல. பிறகு "சரி" என்று வைத்துவிட்டாள்.

மார்ச் என்றால் எட்டு மாதம். ஒன்றும் பெரிய விஷயமில்லை. இதே வீட்டில் நான் டூட்டிக்குப் போய்விட்டு ரெண்டு நாளுக்கு ஒரு தடவை வந்திருக்கிறேன், அவள் தனியாக இருந்திருக்கிறாள்.

ஜூலை 22

சுவரில் இருந்த நாலாவது தாள் விழுந்து கிடந்தது. பசை வைத்து ஒட்டினேன்.

ஜூலை 23

தைத்தேன்.

ஜூலை 24

தைத்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

துண்டு நன்றாக வருகிறது. மலைக்கு மேலே முடிச்சுகள் நெருக்கம், கீழே இறங்க இறங்கக் கலைந்து போகிறது. சில இடத்தில் காற்று சாய்க்கிற பக்கம் சாய்ந்து ஓடுகிறது. குளிருக்கு என்ன செய்வது என்று கேட்டபோது மைதீன்பாத்து சாட்டின் துணியை எடுத்துக் கன்னத்தில் வைத்துக் காட்டினாள். சில்லென்று இருந்தது. வெயில் படுகிற இடத்துக்குக் கற்பகம் குழந்தைகள் சட்டைக்கு எடுக்கிற ஃபிளானல் தந்தாள். அதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைக்கிறேன். மலை உச்சியில் மல் துணியை ஒரு விளிம்பில் மட்டும் பிடித்துத் தளர விட்டிருக்கிறேன். விரல் பட்டால் விலகும், மேகம்.

நாலு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து தைக்கும்போது பேச்சு தானாக ஓடுகிறது. கற்பகம் ஆஸ்பத்திரிக் கதை சொல்வாள். நான் கடையநல்லூர் பஸ்ஸில் ஒருவர் ஆட்டுக்கு ஜன்னல் சீட்தான் வேண்டுமென்று சண்டை போட்டதைச் சொன்னேன். ரெஜினா டீச்சர் சிரித்துச் சிரித்து ஊசியைத் தொலைத்துவிட்டார். எல்லோரும் மேஜைக்கடியில் தேடினோம்.

திரவியம் இன்று தெருமுனையில் நின்று, "ஞாயித்துக்கிழமையானா எங்க போறீரு?" என்று கேட்டான். "தைக்கப் போறேன்" என்றேன். "என்னத்த?" என்றான். "சாரலை" என்றேன். என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

வீடியோவில் பேத்தியைக் காட்டினார்கள். கொட்டாவி விடுகிறாள். அதைப் பத்து நிமிஷம் பார்த்தோம்.

"விரல்ல என்ன பிளாஸ்திரி?" என்றாள் உலகு.

"காய் நறுக்கினேன்."

"அஞ்சு விரல்லயுமா?"

"புடலங்காய்" என்றேன்.

சுபா அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குவது கேட்டது. எதற்கு என்று விளங்கவில்லை.

செப்டம்பர் 1

இந்நேரம் வந்திருப்பாள். மார்ச் என்று ஆனபிறகு அதைக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. சும்மா காலண்டர் தாளைக் கிழிக்கும்போது கண்ணில் பட்டது.

செப்டம்பர் 15, ஞாயிறு

பொன்னுத்தாய் டீச்சர் மறுபடி வந்தார். என் துண்டை முதலில் கேட்டார். வலதுகையை வைத்தார், பிறகு இடதுகையையும். மேகத்தை விலக்கினார். மலையில் இறங்கினார். முடிச்சுகளின் மேல் உள்ளங்கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"முடிச்சு ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசா இருக்கு" என்றேன். "சரிபண்ணிருதேன்."

"தொடாதீங்க சார். சாரல் அப்படித்தான் இருக்கும்."

எனக்கு அது போதும். டீச்சர் வீட்டுப் பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் முருங்கைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மைதீன்பாத்து அங்கே வந்தாள். "அண்ணாச்சி, ஒண்ணு சொன்னா கோவிக்கக் கூடாது. உங்க வீட்டுக்காரி வாராவாரம் என்கிட்ட பேசுதா. நீங்க தைக்கது முதல் வாரத்துலருந்தே அவளுக்குத் தெரியும். மணி தைச்சது, பிரிச்சது, எல்லாம். பையில துணிய வைக்கச் சொன்னதே அவதான்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. "அப்ப ஏன் என்கிட்ட ஒண்ணும் கேக்கல?"

"நீங்க சொல்லுவீயன்னு இருக்கா. மார்ச் வரைக்கும் இருக்கவான்னு கேட்டதுக்கு 'இருந்துட்டு வா, ஒரு குறையும் இல்ல'ன்னு சொன்னீயளாமே. அன்னைக்கு என்கிட்ட பேசும்போது அழுதா. ஒரு குறையும் இல்லன்னு சொல்லிட்டா, பெறகு அவ எதுக்கு வரணும்?"

மகளுக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். வேறொன்றுமில்லை. வேறு என்ன இருக்கிறது.

இதை எழுதிவிட்டு அரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். எழுதியது சரியில்லை. அடிக்காமல் விடுகிறேன்.

செப்டம்பர் 16

காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போன் செய்தேன். போனுக்கு எதற்குச் சட்டை என்று பிறகுதான் தோன்றியது.

"நீ வந்துரு" என்றேன்.

"ஏன், என்ன ஆச்சு?"

"சாரல் துண்டுக்கு ஓரம் மடிச்சுத் தைக்கணும். எனக்கு மூலை வரல."

"மைதீன்பாத்துக்கு நல்லா வருமே."

சரிதான். அவளுக்கு நல்லாவே வரும். வேறு காரணம் தேடினேன். மோட்டார், பால், பக்கத்து வீட்டுக் கல்யாணம். ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றாள். அதற்குப் பிறகு சொல்லவேண்டியதைச் சொன்னேன். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் சொல்லாதது. அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சில்லை. இந்தத் தடவை சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "அக்டோபர் ஒன்பதாம் தேதி வாரேன். சம்பந்தியம்மா ஆறாம் தேதி இங்க வந்து பிள்ளையைப் பாத்துக்கிடுதாங்க. டிக்கெட் நேத்தே போட்டாச்சு."

"நேத்தேவா? அதை முதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா நீங்க இவ்வளவும் பேசியிருப்பீயளா?"

சுபா பின்னாலிருந்து சத்தமாகச் சிரித்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்திருக்கிறார்கள். வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் சமையலறையில் பாத்திரம் கழுவும்போது நான் பாடிக்கொண்டிருந்தேன் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார்.

செப்டம்பர் 29, ஞாயிறு

நாலு துண்டுக்கும் பின்துணி வைத்தாயிற்று. மைதீன்பாத்து என் சாரலின் மூன்று மூலையை மடித்துத் தைத்துக் கொடுத்தாள். நாலாவதை நான் தைத்தேன். கோணல். ஆனால் மூலைதான்.

அக்டோபர் 9

வந்துவிட்டாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். புளியரை இறக்கத்தில் இந்தத் தடவை நானே ஓட்டினேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

டீச்சர் வீட்டில் நாலு துண்டையும் ஒன்றாக இணைத்தோம். பெரிய மேஜை போதவில்லை, தரையில் பாய் விரித்துச் சுற்றி உட்கார்ந்தோம். வெயில் முடிகிற இடத்தில் சாரல் ஆரம்பிக்க வேண்டும், சாரல் ஓய்கிற இடத்தில் அடைமழை. தையலின் மேல் யார் துண்டு எங்கே முடிந்தது என்று தெரியாதபடி நூல் ஓட்ட வேண்டும் என்றார் டீச்சர். நான் டீச்சரின் சணலுக்குள் நாலைந்து முடிச்சு போட்டேன். மைதீன்பாத்து என் பக்கம் ஒரு கயிற்றை நீட்டி வைத்தாள்.

உலகு வந்ததிலிருந்து சாரல் பக்கம் போகவே இல்லை. கற்பகத்தின் பனியில் உட்கார்ந்து தைத்தாள். மத்தியானம் எல்லோரும் சாப்பிட எழுந்தபோது துண்டின் பக்கத்தில் போய் மலையின் அடிவாரத்தைப் பார்த்தாள்.

"இங்க ரெண்டு நூல் தொங்குது" என்றாள். பல்லால் கடித்து எடுத்தாள்.

"உன் மலையில நான் கை வைக்கல" என்றேன்.

"பாத்தேன்" என்றாள்.

பிறகு இரண்டு பேரும் ஒரே பக்கம் உட்கார்ந்து அடியோரத்தைத் தைத்தோம். அவள் தையல் என்னுடையதைவிட வேகம். நான் ஒரு முழம் ஓட்டுவதற்குள் அவள் மூன்று முழம் போய்விட்டுத் திரும்பிப் பார்த்து நிற்பாள். "வாங்க மெதுவா" என்பாள். மைதீன்பாத்து இதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள், சிரிப்பில் தோள் குலுங்கியது.

அக்டோபர் 15

காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூட ஹாலில் போர்வையை மாட்டினோம். சின்னப் பிள்ளைகளுக்கும் கை எட்டுகிற உயரத்தில். திரவியம் ஏணி பிடிக்க வந்திருந்தான். கீழே இறங்கியதும் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து வெல்வெட்டைத் தடவினான்.

பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். முப்பது பேர் இருக்கும். தலைமை ஆசிரியை, "பதனமா, மெல்லத் தொடணும், ஒவ்வொருத்தரா" என்றார். முதல் ஐந்து பேர் வரைக்கும் வரிசை இருந்தது. பிறகு யாரோ ஒரு பிள்ளை ஐப்பசியில் கயிற்றைப் பிடித்து இழுத்து, "அடைமழைலே" என்று கத்த, எல்லோரும் சுவரில் வந்து மொய்த்துக்கொண்டார்கள். இலவங்காயை ஒருத்தி கண்டுபிடித்தாள். பூசணிப்பூவுக்கு இரண்டு பேர் சண்டை.

நான் சாரலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். ஏழெட்டு வயதுப் பெண் ஒருத்தி, பெயர் முத்துச்செல்வி என்று பிறகு சொன்னார்கள், விரலால் முடிச்சுகளைத் தேடித் தேடிப் போனாள். சாட்டினில் கை பட்டதும் நின்றாள். கையை எடுத்துவிட்டாள். இதுவும் பாசிமணிக் கடை ஆகிவிட்டதோ என்று நினைத்தேன். அவள் ஒரு அடி முன்னால் வந்து, கன்னத்தை அப்படியே துணியில் வைத்தாள்.

"ஏட்டி, சாரல் அடிக்கு" என்றாள் பக்கத்துப் பிள்ளையிடம்.

அந்தப் பிள்ளையும் கன்னத்தை வைத்தது. அதற்குப் பக்கத்துப் பிள்ளையும். நாங்கள் ஐந்து மாதமாகக் கைக்காகத் தைத்திருந்தோம். இது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. சற்று நேரத்தில் சுவர் நீளத்துக்கும் பிள்ளைகள் கன்னத்தை வைத்து நின்றார்கள். வெயிலில் வைத்தவர்கள் "குத்துது" என்று சிரித்தார்கள். ரெஜினா டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொன்னுத்தாய் டீச்சர் என்ன நடக்கிறது என்று கேட்டார், மைதீன்பாத்து சொன்னாள்.

பன்னிரண்டரைக்குப் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஹால் காலியானது. எல்லோரும் சாப்பாட்டுக்கூடம் பக்கம் போனார்கள். நான் ஏணியை மடித்து வைத்துவிட்டுத் திரும்பினேன். உலகு போகவில்லை. சாரலின் முன்னால் நின்றிருந்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். மலைக்குக் கொஞ்சம் கீழே, முடிச்சுகள் கலைந்து போகிற இடத்தில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடினாள். வெளியே நல்ல வெயில், ஹாலில் ஃபேன்கூட ஓடவில்லை.

"என்ன?" என்றேன்.

"குளிருது" என்றாள்.

நான் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.